குறைத்துச் சொன்ன பலம்

உடுமலைப்பேட்டை, பல்லடம், தாராபுரம் பக்கங்களில் ரேக்ளா பந்தயம் நடக்கும்போது, வண்டி பூட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் நடக்கும். ஒருவர் காளையின் தாடையைப் பிடித்து, உதட்டை விலக்கி, கீழ்வரிசைப் பல்லை எண்ணுவார். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது; கீழ்வரிசையில் மட்டும் எட்டு. ஏறக்குறைய இரண்டு வயதில் பால்பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் முளைக்கும். பிறகு நாலு, ஆறு என்று ஏறி, நாலு வயதை ஒட்டி எட்டும் நிறைந்துவிடும். கடை சேர்ந்த மாடு என்று சந்தையில் சொல்வது அதைத்தான். பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்காத ஜீவனுக்குப் பல்தான் ஜாதகம். அந்த ஜாதகத்தைப் பார்த்துத்தான் எந்தக் காளை எந்த வகையில் ஓடலாம் என்று தீர்மானிக்கிறார்கள். இளங்காளைகளுக்கு 200 மீட்டர். வளர்ந்தவற்றுக்கு 300 மீட்டர். நேரான பாதை, வளைவு இல்லை, திருப்பம் இல்லை. குறைந்த நேரத்தில் கடந்த ஜோடிக்குப் பரிசு.

இந்தப் பல் எண்ணும் காரியத்தில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பந்தயம் என்பது யார் வேகமானவர் என்று அறிந்துகொள்வதற்காக ஏற்பட்டது. அப்படியானால் எல்லா மாடுகளையும் ஒரே பாதையில் விட்டு, முந்தியதற்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமே? மதுரை, தூத்துக்குடிச் சீமைகளில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, கரிச்சான் என்று இத்தனை பிரிவுகள் எதற்கு? கேள்வி நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி விட்டால், வட்டாரத்திலேயே பெரிய பணக்காரர் வீட்டு ஜோடி ஒன்றுதான் ஆண்டு முழுவதும் வெல்லும். மற்றவர்கள் அடுத்த வருஷம் வரமாட்டார்கள். அதற்கடுத்த வருஷம் பந்தயமே இராது. ஆகவே, சமமில்லாதவர்களைச் சமமாக்குவதற்கு மனிதன் ஒரு வழி கண்டுபிடித்தான். அவரவர்க்கு ஒத்தவரோடு அவரவர் மோதட்டும் என்பது அந்த வழியின் தர்மம்.

அந்தத் தர்மத்தின் நிழலிலேயே ஓர் அதர்மமும் முளைத்து வளர்கிறது. நான் பேச நினைப்பது அதைப் பற்றித்தான்.

மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல மோட்டாருக்குப் பல் பார்க்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே டிராக் ரேஸ் என்று ஒரு பந்தயம் உண்டு. நம்முடைய ரேக்ளாவுக்கு அதைக் கூடப்பிறந்த தம்பி என்றே சொல்லலாம். நேர்ப்பாதை, தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து இரண்டு கார்கள் அடுத்தடுத்த தடத்தில் பாய்ந்து புறப்படும். 1951-ல் தோன்றிய நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் என்ற சங்கம் இதற்குச் சட்டதிட்டங்களை வகுத்தது. அதிலே 'ஸ்டாக்' என்று ஒரு வகை. கம்பெனியிலிருந்து எப்படி வெளியே வந்ததோ, பெரும்பாலும் அப்படியே இருக்க வேண்டிய கார்களுக்கு உரியது. கார்புரேட்டர் அந்த மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். வால்வு திறக்கும் உயரத்தைக் கூட்டக் கூடாது. பின்சக்கர டயரின் அகலம் 9 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இப்படிப்பட்ட கார்களை, ஒரு குதிரைத் திறனுக்கு எத்தனை பவுண்டு எடை என்று வகுத்துப் பார்த்து, ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்து அடுக்குகிறார்கள். எடையைத் தராசு சொல்லிவிடும். குதிரைத் திறனை யார் சொல்வது? முதலில் கார் செய்த கம்பெனிதான் சொல்ல வேண்டும். கன்றின் வயதை விற்கிறவனிடமே கேட்பதுபோல!

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கம்பெனிகள் நடுத்தரக் காருக்குள் ராட்சத எஞ்சினை வைத்து இளைஞர்களுக்கு விற்றன. 'மஸில் கார்' என்று அதற்குப் பெயர். இன்ஷூரன்ஸ்காரர்கள் குதிரைத் திறன் கூடிய கார்களுக்குக் கட்டணத்தை ஏற்றவே, கம்பெனிகள் எண்ணைக் குறைத்து அச்சிடத் தொடங்கின. 1968-ல் ஃபோர்டு தன் 428 கோப்ரா ஜெட் எஞ்சினின் பலம் 335 என்று அறிவித்தது. உள்ளே இருந்தது 400-க்கு மேல். அந்த ஆண்டு கலிபோர்னியாவிலுள்ள பொமோனாவில் நடந்த குளிர்காலப் பந்தயத்தில் அந்த எஞ்சின் பூட்டிய மஸ்டாங் கார்கள் வந்து நின்று, தம் பிரிவின் பரிசைத் தட்டிக்கொண்டு போயின. சங்கம் விழித்துக்கொண்டு, கம்பெனி சொன்ன எண்ணை ஒதுக்கிவிட்டுத் தன் புத்தகத்தில் வேறோர் எண்ணை எழுதிக்கொண்டது.

பிறகு காலம் மாறிற்று. அதுவரை எஞ்சினைத் தனியே கழற்றி மேடையில் ஏற்றி, காற்றாடி, காற்று வடிகட்டி, புகைக்குழாய் எதுவுமில்லாமல் பலத்தை அளந்தார்கள். பெண் பார்க்கும் படலத்துக்காக ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ மாதிரி. 1972-லிருந்து காரில் இருக்கிற கோலத்திலேயே எல்லாவற்றையும் மாட்டி அளந்த கணக்கைச் சொல்லத் தொடங்கினார்கள். புகை மாசைக் குறைக்கும் சட்டங்களும் சேர்ந்துகொண்டதால் எஞ்சினின் அமுக்க விகிதத்தையும் தணித்தார்கள். 1970-ல் 370 என்று பெருமையடித்த கார்வெட்டின் எல்.டி.-1 எஞ்சின் 1972-ல் 255 என்று அடங்கிற்று. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975-ன் சாதாரண கார்வெட் 165 குதிரைத் திறனோடு கடைக்கு வந்தது. 1976-ல் காடிலாக் எல்டொராடோவின் எஞ்சின் 8.2 லிட்டர், அதன் பலம் 190! யானை உடம்பில் ஆட்டு மூச்சு. மோட்டார்ப் பிரியர்கள் இன்றும் அந்த ஆண்டுகளைத் துக்க காலமாகத்தான் பேசுகிறார்கள்.

ஸ்டாக் பந்தயக்காரனுடைய கண் மட்டும் வேறு விதமாகப் பார்க்கிறது. புத்தகத்தில் எண் குறைந்தால் கீழ் வகையில் நிற்கலாம். உள்ளே இருப்பதோ பெரிய இரும்பு. சட்டத்துக்கு உட்பட்டே, கம்பெனி அனுமதித்த அளவின் கடைசி மயிரிழை வரை இழைத்துச் சீர்செய்தால் அந்த எண்ணுக்கு மேலே எவ்வளவோ வரும். ஆகவே, அவன் வேகமான கார் எது என்று தேடுவதில்லை. வேகம் குறைத்து எழுதப்பட்ட கார் எது என்று தேடுகிறான். பழைய மாடல் விவரங்களை, வக்கீல் சட்டப் புத்தகம் படிப்பதுபோல வரிக்கு வரி படிக்கிறான்.

சங்கம் சும்மா இருக்குமா? தன் வகைக்கு வகுத்த நேரத்தைவிட ஒரு கார் மிகையான வேகத்தில் ஓடினால், அதன் குதிரைத் திறனை உயர்த்தி எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு அது எடையைச் சுமக்க வேண்டும், அல்லது மேல் வகைக்கு ஏற வேண்டும். இதற்குப் பயந்து ஓட்டுகிறவன் என்ன செய்கிறான் தெரியுமா? எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னாலேயே காலைத் தூக்கிவிடுகிறான். இராப் பகலாக உழைத்து, இருந்த காசையெல்லாம் கொட்டி, ஒரு வேகத்தை உண்டாக்கியவன், அந்த வேகம் ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அஞ்சுகிறான். மகனைப் பாட்டுக் கச்சேரிக்குத் தயார் செய்துவிட்டு, மேடையில் அவன் வாயைத் தகப்பனே பொத்துவதுபோல இருக்கிறது இது. இந்த ஒரு காட்சிக்காகவே அந்தப் பந்தயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டாயிற்று.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பல்லடம் பக்கத்துக்காரர், தோட்டத்தில் இரண்டு காங்கேயம் கன்றுகளையும் ரேக்ளாவுக்கென்று வளர்க்கிறார். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கு எதுக்குங்க அமெரிக்கா வரைக்கும் போறீங்க? எங்க கம்பெனி வாசல்ல நாலு போர்டு தொங்குனது உங்களுக்கு மறந்துபோச்சுங்களா?"

மறக்கவில்லை. 1967-லிருந்து மத்திய அரசு சில பொருள்களைச் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கி வைத்தது. பின்னலாடையும் அந்தப் பட்டியலில் இருந்தது. இயந்திரங்களில் போட்ட முதல் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 1991-ல் அந்த வரம்பு 60 லட்சம் ரூபாய். இதுவும் ஒரு 'ஸ்டாக்' வகைதான். பெரிய மில்முதலாளி நுழைந்து சின்னவனை மிதித்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் போட்ட கோடு. அந்தக் கோட்டுக்குள் இருந்துகொண்டுதான் திருப்பூர், கோட்டுக்கு வெளியே இருந்தவர்கள் வியக்கும்படி வளர்ந்தது. ஆனால் வளர்ந்தவன் வளர்ந்ததுபோலத் தெரியக் கூடாதே! ஒரே குடும்பம், ஒரே கணக்குப்பிள்ளை. வாசலில் மட்டும் நாலு போர்டு. தம்பி பேரில் ஒன்று, சம்சாரத்தின் பேரில் ஒன்று, குலதெய்வத்தின் பேரில் ஒன்று. பின்னுவது ஓரிடம், சாயம் ஏற்றுவது ஓரிடம், வெட்டித் தைப்பது வேறிடம் என்று பிரிந்து கிடப்பது அந்தத் தொழிலின் இயல்பும்கூட. அதனால் எது இயல்பான பிரிவு, எது கணக்குக்காகச் செய்த பிரிவு என்று வெளியாள் சொல்லிவிட முடியாது.

"சட்டத்துல எழுதுனதைத்தானுங்க செஞ்சோம். கோட்டைக் கிழிச்சது நாங்களுங்களா?" என்றார் நண்பர்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபமல்ல. மாட்டின் பல்லை ராவி வயதை மறைக்கிறவன், எஞ்சினுக்குள் திருட்டு உறுப்பை ஒளித்துவைக்கிறவன், இவர்களைப் பற்றி விசாரிக்க ஒன்றுமில்லை, அவர்கள் பொய்யர்கள். அமெரிக்காவில் வென்ற காரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டு அளந்து பார்ப்பது அவர்களைப் பிடிப்பதற்குத்தான். என்னைத் தொந்தரவு செய்கிறவன் இன்னொருவன். அவன் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. எழுதியதைக் கவனமாகப் படித்தான்; அவ்வளவுதான். படித்ததற்காக ஒருவனைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் அந்தக் கோடு யாருக்காகக் கிழிக்கப்பட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கீழ் வகை ஏற்பட்டது, கீழே இருக்கிறவனும் ஒரு நாள் மாலை சூடட்டும் என்பதற்காக. மேலே நிற்கத் தகுதியுள்ளவன் எழுத்தின் தயவால் அங்கே இறங்கி வந்து மாலையை எடுத்துக்கொண்டால், சட்டப்படி அது அவனுடையதுதான். எடுத்தது மட்டும் அடுத்தவன் இலையிலிருந்து. திருப்பூரில் அந்த அடுத்தவன் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20 பேருக்குக் குறைந்த ஆட்களை வைத்திருக்கும் இடத்துக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தாது. எழுபது பேரை நாலு கொட்டகையாகப் பிரித்து ஏட்டில் எழுதினால், எழுபது பேருக்கும் வைப்பு நிதி இல்லை. முதலாளி தன் பலத்தைக் குறைத்துச் சொன்னார். வயதான காலத்தில் குறைந்துபோனது ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பணம். இதை நண்பரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பேச்சை மாற்றினார்.

வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். செய்யும் காரியத்தின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை எல்லாவற்றையும் சீர்தூக்கச் சொல்கிறார். அறியத்தான் சொல்கிறாரே தவிர, அறிந்ததை எதிரிக்கு அறிவிக்கச் சொல்லவில்லை. அவர் பேசுவது அரசனிடம். போரில் பலத்தை மறைப்பதை யாரும் குறை சொல்வதில்லை. போர் ஒரு கேள்வி அல்ல. பந்தயம் ஒரு கேள்வி. இரண்டு பேர் சேர்ந்து, ஒத்துக்கொண்டு, 'நம்மில் யார்?' என்று கேட்கிற கேள்வி. தன்னை மறைத்துக்கொண்டு அங்கே நிற்பவனுக்குப் பரிசு கிடைக்கலாம். கேட்ட கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. கால் மைல் ஓடி, கோட்டருகில் காலைத் தூக்கியவனுக்குத் தன் கார் எவ்வளவு வேகம் என்பது தனக்கே தெரியாமல் போய்விடுகிறது.

பாரதத்தில் ஜராசந்தனை நினைத்துப் பாருங்கள். கிருஷ்ணன், பீமன், அர்ஜுனன் மூன்று பேரும் வேஷம் போட்டுக்கொண்டு போய் அவன் முன் நிற்கிறார்கள். மூவரில் எவனோடு வேண்டுமானாலும் மற்போர் செய்யலாம் என்று தேர்வு அவனிடம் விடப்படுகிறது. உயிர் பிழைக்க வேண்டுமானால் பீமனை விட்டு வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். அவன் பீமனைத்தான் கேட்டான், செத்தான். கொடியவன் என்று காவியம் தீர்ப்பளித்த ஒருவன்தான் கீழ் வகைக்கு இறங்க மறுத்திருக்கிறான். வேஷம் போட்டு வந்தவர்கள் நம்முடைய நாயகர்கள்! இதே காவியத்தில், ஆட்டக் களத்துக்கு வந்த கர்ணனை, 'உன் குலம் என்ன?' என்று கேட்டுத் தலைகுனிய வைத்ததும் உண்டு. அதுவும் வகை பார்ப்பதுதான். ஆனால் அங்கே கோடு போட்டது சின்னவனைக் காப்பதற்கு அல்ல; திறமைசாலி ஒருவனை வெளியே நிறுத்துவதற்கு. வகை பிரிப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்கிறவர்களிடம் நான் கேட்பது, அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைத்தான்.

இன்னொரு வழியும் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் என்பவர் 1980-களின் இறுதியில் மாருதி எஞ்சினை வைத்துச் சிறிய பந்தயக் கார்களை உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார். இனி ஓட்டுகிறவன் கையைக் காட்டட்டும். பலத்தை மறைக்க இடமே இல்லை. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயப் பாதை இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அழகான வழிதான். ஆனால் காங்கேயம் கன்றை அச்சில் வார்த்து எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுக்க முடியாதே!

காளைக்கும் காருக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்லாமல் விட்டால் நான் செய்வது நியாயமாகாது. காளைக்குத் தன் வகை தெரியாது. அது பலத்தை மறைப்பதுமில்லை; உள்ளதை ஓடும். மறைப்பதும் பிதுக்குவதும் வண்டிமேல் இருக்கிறவன் வேலை. வகைக்குள் முதலாவதாக வர இன்னும் அரை வினாடி வேண்டுமென்றால், கார்க்காரன் எஞ்சினை வாட்டுவான். வெடித்தால் நஷ்டம் காசோடு போயிற்று. மாட்டுக்காரன் தார்க்குச்சியில் ஆணி வைப்பான், வாலை முறுக்குவான். 2006-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் ஒரு ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டுப் போன மனுவிலிருந்துதான் பின்னால் ஜல்லிக்கட்டு வரை நீண்ட வழக்கெல்லாம் கிளம்பிற்று. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்றார்கள். சட்டம் செல்லும், ஆணி செல்லாது. பல்லை எண்ணுகிறவர் வண்டிக்காரன் கையிலிருக்கும் குச்சியையும் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இத்தனை சொன்ன பிறகும், வகைகள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கவலை இறைத்த காலம் போய்ப் பம்புசெட் வந்ததும், கொங்கு நாட்டுத் தோட்டங்களில் காங்கேயம் காளைக்கு இருந்த வேலை போய்விட்டது. டிராக்டர் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறாம் மாதம் மயிலையாக மாறும் அந்த அழகை இன்று தீனி போட்டு வைத்திருக்கிறவர்களில் பலர் பந்தயத்துக்காகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் அதே கதைதான். வீழ்ச்சிக் காலத்தில் பிறந்து, யாரும் மதிக்காமல், பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய கார்களை, அவற்றுக்கென்று ஓர் எழுத்தும் ஒரு வகையும் இருந்ததால்தான் சிலர் எடுத்துத் துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே பந்தயம், ஒரே பரிசு என்றால் உலகத்தில் ஒரே ஒரு மாடும் ஒரே ஒரு காரும்தான் மிஞ்சும்.

பின்னலாடை அந்த ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்து 2000-களிலேயே நீங்கிவிட்டது. 2015-ல் பட்டியலே ஒழிந்தது. நண்பர் நாலு போர்டையும் இறக்கி ஒன்றாக்கிவிட்டார். ஆனால் கன்றுகள் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் வழக்கு தீரவில்லை. போன தை மாதம் இரண்டையும் பல் போடாத வகையில் ஓட்டினார். இரண்டுக்கும் பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. நாளைக்கோ மறுநாளோ விழுந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். "எண்ணிப் பாக்கறவரு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாருங்க. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றதுங்க?" என்றார். இரண்டாவது பரிசு வந்தது. மூன்றாவதாக வந்தவன் சின்னப் பையன். சொந்தத் தோட்டத்தில் பிறந்த கன்றுகளை ஓட்டி வந்தவன்.

"அவனோட கன்னுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

"பதினெட்டு மாசம் இருக்குமுங்க" என்றார். கேட்டு வைத்திருக்கிறார்!

மாசியில் ஒன்றுக்கும் பங்குனியில் மற்றதற்கும் பல் விழுந்தது. இப்போது இரண்டும் 300 மீட்டரில் ஓடுகின்றன. இதுவரை ஒரு பரிசும் வரவில்லை. அந்தப் பையன் இன்னும் 200 மீட்டரில்தான் ஓட்டுகிறானாம். வைகாசியில் ஒரு சைக்கிள் வாங்கினான் என்று நண்பர் சொன்னார்.